மின்னூலும் அதன் பூட்டும்

கடையில் விலை கொடுத்து வாங்கிய அகராதி மேசைமேல் வைத்தாலும் விரியும். பாயில் படுத்துக்கொண்டு பார்த்தாலும் விரியும். மேசையில் மட்டுமே விரிவேன், பாயில் விரியேன் என்று அஃது அடம் பிடிப்பதில்லை. மின்னூலோ அத்தகையதன்று. கைப்பேசியில் திறந்த நூல் படிப்பானில் திறவாது. படிப்பானில் திறந்தது கணினியில் திறவாது. பணம் மட்டும் ஒருமுறை போனது போனதுதான்.

ஆசிரியர் ஒருவர் பள்ளி விடுமுறையில் கைப்பேசி வழியாக இலக்கண நூல்கள் சிலவற்றை வாங்குகிறார் எனக் கொள்வோம். சிறிய திரையில் படித்துக் கண் நோகவே, காகிதம்போல் தோன்றும் மின்மைத் திரையுள்ள படிப்பான் ஒன்றைப் பின்னர் வேறொரு நிறுவனத்திடம் வாங்குகிறார். நூல்களை அதில் ஏற்றிப் பார்த்தால் ஒன்றும் திறக்கவில்லை. கருவி பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்வோரும் உளர். கருவியில் பழுதில்லை. நூலிலும் பழுதில்லை. இடையே நிற்பவை இரண்டு: ஒன்று வடிவம், மற்றொன்று பூட்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே குழப்பம் மிகுகிறது.

முதலில் வடிவத்தைக் காண்போம். இன்று பெரும்பாலான கடைகள் கையாளும் வடிவம் ஈபப் என்பது. இணையப் பக்கங்கள் சிலவற்றை எழுதி, படங்களையும் எழுத்துருவையும் சேர்த்து, ஒரே பொதியாகக் கட்டினால் எப்படியோ அப்படிப்பட்டது அது. 2007இல் பொது வரையறையாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கிண்டில் படிப்பானை வெளியிட்ட அமேசான் நிறுவனம் இவ்வழியில் செல்லவில்லை. 2005இல் தான் விலைக்கு வாங்கியிருந்த மொபிபாக்கெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் வடிவத்தை அடியாகக் கொண்டு தனி வடிவங்களை வகுத்துக்கொண்டது. மூன்றாவது பி.டி.எப். எனப்படுவது. 1993இல் வந்த இது அச்சுப் பக்கத்தை அப்படியே படம்பிடித்தாற்போல் காட்டும். திரை சிறிதாயின் எழுத்தும் சிறிதாகும்.

வடிவ வேறுபாடு தீராத நோயன்று. ஒரு வடிவத்தை மற்றொன்றாக மாற்றும் கேலிபர் என்ற இலவச மென்பொருள் 2006 முதல் வளர்ந்து வருகிறது. சில நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

தமிழ் நூலுக்கு மட்டும் இவ்விடத்தில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை. தமிழில் ‘கொ’ என்னும் எழுத்தைக் கணினி ககரமாகவும் ஒகரக் குறியாகவும் இரண்டு எண்களாக வைத்திருக்கும். காட்டும்பொழுது கொம்பைக் ககரத்தின் முன்னும் காலைப் பின்னும் பிரித்து வைத்தல் வேண்டும். இந்த அடுக்கு வேலையை அறியாத பழைய கருவிகளில் கொம்பு ஓரிடமும் ககரம் ஓரிடமுமாகச் சிதறி நிற்கும். அல்லது வெறுங் கட்டங்கள் தோன்றும். ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களால் அமைந்த பி.டி.எப். நூல்களின் நிலை இன்னும் விந்தையானது. கண்ணுக்கு நல்ல தமிழ்; ஒரு வரியைப் படியெடுத்துப் பயிற்சித்தாளில் ஒட்டினாலோ உரோமன் எழுத்துகளின் குப்பை. வினாத்தாள் ஆயத்தம் செய்யும் ஆசிரியர் பலர் இதனை நன்கறிவர்.

இனிப் பூட்டு. உண்மையான தொல்லை இங்கேதான் இருக்கிறது.

விற்பனையாளர் நூலின் உள்ளடக்கத்தை மறைகுறிகளாக மாற்றிவிடுகிறார். அவற்றை மீண்டும் எழுத்தாக்கும் திறவுகோல் வாங்கியவரின் கணக்கோடும் கருவியோடும் பிணைக்கப்படுகிறது. நூலைத் திறக்கும் செயலி, ‘இக்கணக்கு உரியதுதானா, இக்கருவி பதிவானதுதானா’ என்று பார்த்த பின்னரே பக்கத்தைக் காட்டும். பூட்டுகளும் பலவகை. அடோபி நிறுவனத்தின் பூட்டைப் பல கடைகளும் நூலகங்களும் பயன்படுத்துகின்றன. ஒருவர் தம் அடையாளத்தில் ஆறு கருவிகள் வரை பதிந்துகொள்ளலாம். ஆப்பிள் 2010 முதல் விற்கும் நூல்களும் ஈபப் வடிவினவே. ஆனால் அதன் பூட்டு வேறு. ஆகவே வடிவம் ஒன்றாயிருந்தும், ஆப்பிளிடம் வாங்கிய பூட்டிய நூல் கோபோ படிப்பானில் திறவாது. அமேசானில் வாங்கிய நூலோ, கிண்டில் செயலியை நிறுவினால் கைப்பேசியிலும் தட்டைக் கணினியிலும் திறக்கும். விட்ட பக்கத்தையும் மறவாது காட்டும். கருவிகளுக்கிடையே சுவர் என்று நாம் எண்ணுகிறோம். சுவர் உண்மையில் கடைகளுக்கிடையேதான் எழுப்பப்பட்டிருக்கிறது.

பணம் கொடுத்தவருக்கு இதற்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். ‘வாங்குக’ என்ற பொத்தானை அழுத்தும்பொழுது நடப்பது விற்பனையன்று; படிப்பதற்கான உரிமம் வழங்கலே. அச்சு நூலை விற்ற பின்னர் அதன் மறுவிற்பனையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த இயலாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1908இலேயே தீர்ப்பளித்தது. மின்னூலுக்கு அவ்வுரிமை செல்லாது என்ற கருத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் உறுதிப்படுத்தியது. கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும், உரிமம் என்பதைத் தெளிவாகக் கூறாமல் ‘வாங்குக’ என்று எழுதக்கூடாது எனும் சட்டம் 2025 சனவரி முதல் நடப்புக்கு வந்தது. சொல்லைத் திருத்தினார்கள், பூட்டு அப்படியே இருக்கிறது.

உரிமம் என்பது வெறுஞ்சொல் அன்று என்பதற்கு 2009 சூலையில் நடந்தது சான்று. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் சில பதிப்புகளை உரிமையற்ற ஒருவர் கிண்டில் கடையில் விற்றுவிட்டார். அமேசான் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே நூல்களை அழித்தது. ஆளும் கட்சிக்கு ஒவ்வாத பழைய ஏடுகளை நெருப்பில் இடும் கதையைக் கூறும் நூலுக்கே இது நேர்ந்தது! பள்ளி மாணவர் ஒருவர் பாடத்திற்காக எழுதிவைத்த குறிப்புகள் நூலின்றிப் பயனற்றுப் போயின. அவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு அவ்வாண்டே உடன்பாட்டில் முடிந்தது. நிறுவனத் தலைவர் ஜெப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பத்தாண்டு கழித்து மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை 2019 ஏப்ரலில் மூடியது. சூலையில் நூல்கள் திறப்பது நின்றது. விலை முழுதும் திருப்பித் தரப்பட்டது. குறிப்பு எழுதியிருந்தோர்க்கு மேற்கொண்டு 25 டாலர். நேர்மையான செயல்தான். ஆயினும், ஓர் ஆசிரியர் ஆண்டுக்கணக்காக ஓரங்களில் எழுதிய விளக்கங்களுக்கு 25 டாலர் ஈடாகுமா என்பதை ஓரங்களில் எழுதிப் பழகியவர்களே சொல்ல வேண்டும்.

பதிப்பாளர் தரப்பையும் கேட்பது முறை. பூட்டில்லையேல் ஒருவர் வாங்கி ஊரெல்லாம் அனுப்பிவிடுவார் என்பது அவர்கள் அச்சம். சில நூறு படிகளே விற்கும் தமிழ் நூலின் ஆசிரியருக்கு இந்த அச்சம் வீணானதன்று. வாட்சப் குழுக்களில் புதுநூல்கள் பி.டி.எப். ஆக உலவுவதைக் கண்டவர் அதை மறுக்கமாட்டார். எனினும் பூட்டின்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். அறிவியற்புனைவு நூல்களுக்குப் பெயர்பெற்ற டோர் பதிப்பகம் 2012இல் தன் மின்னூல்களின் பூட்டை நீக்கிவிட்டது. வாங்கியவரைக் காட்டும் மறைமுக அடையாளத்தை மட்டும் நூலில் பதித்துவிட்டு, பூட்டை விட்டுவிடும் முறையும் உண்டு.

பூட்டிய நூல் கைமாறாது என்பதே தமிழறிந்தோர் கவலைப்பட வேண்டிய இடம். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியை உ.வே.சாமிநாதையரிடம் கொடுத்தார். பல ஊர்ச் சுவடிகளோடு ஒப்புநோக்கப்பட்டு, 1887இல் அந்நூல் அச்சேறியது. சுவடி முதலியார் கையில் மட்டுமே திறக்கும் என்று இருந்திருப்பின்? ஆசிரியர் மறைந்தால் அவர்தம் அலமாரி பள்ளி நூலகத்துக்கு வருவது தோட்டப்புறங்களில் வழக்கம். மின்னூல் கணக்கை அவ்வாறு மாற்றிக் கொடுக்கப் பெரும்பாலான கடைகளின் விதிகள் இடந்தருவதில்லை.

இதற்கு நேர்மாறானது மதுரைத் திட்டம். 1998இல் தொடங்கிய அதன் கோப்புகள் முதலில் பழைய குறியீடுகளில் தட்டச்சிடப்பட்டவை. பூட்டில்லாமையால் அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற முடிந்தது. அன்று கனவிலும் இல்லாத கருவிகளில் இன்று அவை திறக்கின்றன.

பூட்டை உடைத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பர். அதற்கான கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இத்தகைய பாதுகாப்பை மீறுவதைத் தடுக்கிறது. மாணவர்க்கு வழிகாட்டும் பணியிலிருப்போர் அப்பக்கம் போகாதிருத்தல் நன்று.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில. பூட்டின்றி விற்கப்படுகிறதா என்பதைச் சில கடைகள் நூல்விவரத்திலேயே குறிப்பிடுகின்றன. அதே நூல் பதிப்பாளரிடம் நேரடியாகக் கிடைக்குமாயின் அங்குக் கேட்டுப் பார்க்கலாம். விலைக்கு முன் மாதிரிப் பக்கங்களை இறக்கி, தம் கருவியில் கொம்பும் காலும் ஒழுங்காக நிற்கின்றனவா என்று காண வேண்டும். கோப்பாக இறக்கிக்கொள்ள இடமுண்டெனில் அன்றே இறக்கி வைத்தல் நல்லது. கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26ஆம் நாள் நிறுத்தியபொழுது, நாளை செய்யலாம் என்றிருந்தோர் ஏமாந்தனர்.

முதலில் கூறிய ஆசிரியருக்கு இரண்டு வழிகள் உண்டு. நூல் வாங்கிய கடையின் செயலியைத் தட்டைக் கணினியில் நிறுவி அதிலேயே படிக்கலாம். புதிய படிப்பானை மதுரைத் திட்டம் போன்ற பூட்டில்லா நூல்களுக்கு வைத்துக்கொள்ளலாம். படிப்பானைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நாளிருந்தால், ஆண்ட்ராய்டில் இயங்கும் மின்மைப் படிப்பான் ஒன்றை மாற்றாகக் கேட்கலாம். பல கடைகளின் செயலிகளையும் அதில் ஒருங்கே நிறுவ முடியும். விலைதான் சற்று மிகுதி.