விண்வெளிக்குப் போன உள்ளங்கைக் கணிப்பொறி

நான் பள்ளியில் படித்த நாளில், கணிப்பொறி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். 'எதையும் தொடாதே, கெட்டுவிடும்!' என்பதுதான் முதல் பாடம். மாணவ நண்பர்களே, தொடவே அஞ்சும் ஒரு பொருளைப் பற்றி நாம் எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும்?

இங்கிலாந்தில் வேறு வகையான குறை தோன்றியது. 1980களில் அங்கே வீடுகளில் இருந்த கணிப்பொறிகள், இயக்கியதுமே நாம் நிரல் எழுதுவதற்காகக் காத்து நிற்கும். பின்னால் வந்தவற்றில் விளையாடலாம், படம் பார்க்கலாம். நிரல் எழுதும் பழக்கமோ குறைந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் படிக்க வந்த மாணவர்களிடம் முன்போல் அந்த அனுபவம் இல்லை என்பதை எபன் அப்டன் கவனித்தார். அவரும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய 'ராஸ்பெரி பை' 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது.

ஒரே பலகையில் எல்லாம்

இது ஓர் ஒற்றைப் பலகைக் கணிப்பொறி. கணக்கிடும் சில்லு, நினைவகம், இணைப்புத் துளைகள் எல்லாம் சுமார் 8.5 செ.மீ. நீளமும் 5.6 செ.மீ. அகலமும் உள்ள ஒரே பலகையில் அடங்கிவிட்டன. திரையையும் விசைப்பலகையையும் நாம் இணைத்துக்கொள்ள வேண்டும். அன்றைய விலை 35 டாலர். பெயரிலுள்ள 'பை', 'பைதான்' என்னும் நிரல் மொழியிலிருந்து வந்தது.

பலகையின் ஓரத்தில் வரிசையாக உலோக ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் சிறு விளக்கையோ, வெப்பத்தை உணரும் கருவியையோ இணைத்து, நம் நிரலால் இயக்கலாம். தவறு செய்து பார்க்கத் துணிவு தரும் விலை!

அதே ஆண்டில் பிரிட்டனில் ஆர்வலர்கள் கூடத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டங்களுக்கு 'ராஸ்பெரி ஜாம்' என்று பெயர். ஜாம் என்றால் ரொட்டியில் தடவும் பழப்பாகு. இசைக் கலைஞர்கள் கூடி மனம்போல் வாசிப்பதற்கும் அதே பெயர்தான். மண் காய்ந்தால் மணி அடிக்கும் பூந்தொட்டியைச் செய்த சிறுமி, மணி ஏன் அடிக்கவில்லை என்று ஓய்வுபெற்ற பொறியாளரிடம் கேட்கலாம். அவர் தம் நிரலிலுள்ள பிழையை அவளிடம் காட்டலாம்.

சூடான காற்று மேலே போகாத இடம்

2015 டிசம்பரில் இரண்டு ராஸ்பெரி பை பலகைகள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்றன. 'ஆஸ்ட்ரோ பை' எனப்படும் இவற்றில் மாணவர்கள் எழுதிய நிரல்கள் ஓடின.

அங்கே ஒரு சிக்கல். நம் வீட்டில் சூடான காற்று இலேசாகி மேலே போகும்; குளிர்ந்த காற்று அவ்விடத்துக்கு வரும். எடையற்ற நிலையில் மேல் ஏது, கீழ் ஏது? வெப்பச்சலனம் நடவாது. ஆனால் வீரர்களின் கை படும் பரப்பு 45 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடாது. ஆகவே பலகையை அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, வெப்பம் பரவிச் செல்ல வெளிப்புறத்தில் முட்கள்போல் துருத்தல்கள் அமைத்தார்கள்.

படத்திலிருந்து வேகம்

2023-24 பள்ளியாண்டில் மாணவர் குழுக்களுக்கு ஒரு சவால் தரப்பட்டது. நிலையம் எவ்வளவு வேகமாகச் செல்கிறது? நிரல் ஓட 10 நிமிடமே உண்டு.

ஒரு வழியைப் பார்ப்போம். 10 விநாடி இடைவெளியில் பூமியை இரண்டு படம் எடுக்கிறோம். ஒரு தீவின் முனை 575 புள்ளிகள் நகர்ந்திருக்கிறது என்று கொள்வோம். ஒரு புள்ளி தரையில் 125 மீட்டர் என்றால், நகர்வு 71,875 மீட்டர். அதாவது விநாடிக்குச் சுமார் 7.19 கி.மீ.

இதுதான் விடையா? இல்லை! இது தரையில் அளந்த வேகம். பூமியின் ஆரம் 6,371 கி.மீ.; நிலையமோ சுமார் 420 கி.மீ. உயரத்தில், பெரிய வட்டத்தில் செல்கிறது. ஆகவே 6,791-ஐ 6,371-ஆல் வகுத்து வரும் 1.066-ஆல் பெருக்க வேண்டும். விடை 7.66 கி.மீ. ஈர்ப்பு விதியைக் கொண்டு கணக்கிட்டாலும் இதுவே வரும். (பூமியின் சுழற்சியால் நேரும் சிறு மாற்றத்தை இங்கே விட்டுவிட்டோம்.)

ஆனால் கீழே மேகமோ வெறும் கடலோ மட்டும் தெரிந்தால்? நிரல் நடுவே நின்றுபோனால்? திருத்தித் தர மேலே ஆளில்லை. பல மாத உழைப்பு வீணாகும். அதனால்தான் நிரலைக் கீழேயே பழைய படங்களைக் கொண்டு மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டும். மேசைமேல் செய்யும் பிழைக்கு இழப்பு அதிகமில்லை. அதை நண்பர் கண்டுபிடித்துச் சொன்னால் இலாபமே!

அந்தச் சவால் ஐரோப்பிய விண்வெளி முகமையின் உறுப்பு நாடுகளுக்கும் வேறு சில நாடுகளுக்கும் உரியது. கணக்கோ நம் எல்லாருக்கும் உரியது. நிலையம் பூமியை ஒருமுறை சுற்ற எவ்வளவு நேரமாகும்? மேலே உள்ள எண்களே போதும். நண்பர்களோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். சுமார் 93 நிமிடம் வருகிறதா? வராவிட்டால் தாளை மறைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள்!