அப்பளம் காயட்டும், அவசரம் வேண்டாம்!

"உங்க சாம்பார் பொடி மணமே தனி, மாமி! விற்க ஆரம்பியுங்களேன், வீடு தேடி வந்து வாங்குவார்கள்" என்று யாராவது ஒருவர் சொல்லி விடுகிறார். கேட்டவளுக்கும் ஆசை பிறக்கிறது. நல்ல நாள் பார்த்து ஐந்து கிலோ மிளகாய், பத்து கிலோ மல்லி என்று வாங்கி, வறுத்து அரைத்து, பாக்கெட் போட்டு அடுக்குகிறாள். முதல் மாதம் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் வாங்குகிறார்கள். இரண்டாம் மாதம் விற்பனை பாதியாகிறது. மூன்றாம் மாதம், "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று டப்பாக்கள் பரணுக்குப் போய்விடுகின்றன. "நான்தான் அப்போதே சொன்னேனே" என்று வீட்டில் ஒரு குரல் வேறு!

போனது பணம் மட்டுமா? அதோடு அவளுடைய தைரியமும் அல்லவா போய்விடுகிறது! அடுத்த முறை ஒரு யோசனை தோன்றினால்கூட வாய்விட்டுச் சொல்லத் தயங்குவாள்.

பொடியில் ஒரு குறையும் இருந்திருக்காது. சமையலை இருபது வருஷமாகப் பழகியவள், வியாபாரத்தை மூன்றே மாதத்தில் பழகிவிட நினைத்ததுதான் சங்கடம். தையல் கற்கிற பெண் முதல் வாரமே ரவிக்கை தைத்து விடுவதில்லை. பழைய துணியில் நேர்த்தையல் ஓட்டிப் பழகுகிறாள். விற்பதும் அப்படித்தான். அதற்கும் ஒரு பழகு காலம் உண்டு, சகோதரிகளே!

மொட்டை மாடியில் ஏழு பேர்

லிஜ்ஜத் அப்பளத்தை அறியாதவர்கள் இருக்க முடியாது. அதன் ஆரம்பத்தைக் கேளுங்கள். 1959-ம் வருஷம் மார்ச் 15-ந் தேதி, பம்பாய் கிர்காம் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள் ஒரு பழைய கட்டிடத்தின் மொட்டை மாடியில் கூடினார்கள். கையில் இருந்தது கடனாக வாங்கிய 80 ரூபாய். அன்று அவர்கள் இட்டது நாலே பாக்கெட் அப்பளம்!

முதல் வருஷ விற்பனை 6,196 ரூபாய். மாதத்துக்குச் சராசரி 516 ரூபாய்தான் ஆகிறது. அதுவும் மொத்த விற்பனை; லாபம் அல்ல. அதைப் பல பெண்கள் பங்கிட வேண்டும். இது போதாதென்று மழைக்காலம் வந்துவிட்டது. அப்பளம் காயவில்லை. நாலு மாதம் வேலையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

"நமக்குச் சரிப்படாது" என்று சொல்ல இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? அவர்கள் சொல்லவில்லை. மறு வருஷம் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் ஸ்டவ்வை வைத்துக் காய வைத்தார்கள். முதல் வருஷம் தடுத்த மழை இரண்டாம் வருஷம் தடுக்கவில்லை!

முதலில் உயர்ந்த ரகம், மலிவு ரகம் என்று இரண்டு விதமாகச் செய்தார்களாம். கடன் கொடுத்து உதவிய பெரியவர்தான், "ஒரே தரமாகச் செய்யுங்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள்" என்று புத்தி சொல்லியிருக்கிறார். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இடையில் அறுபது வருஷம் ஓடிவிட்டது, பார்த்தீர்களா?

ஒரே சாமான், ஒரே கைப்பக்குவம்

ஆரம்பத்தில் சாம்பார் பொடி, ரசப்பொடி, ஊறுகாய், வடகம் என்று எல்லாவற்றிலும் கை வைக்காதீர்கள். ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணளவு, கையளவு வீட்டுக்குச் சரி. விற்பனைக்குத் தராசு வேண்டும். மல்லி இத்தனை கிராம், மிளகாய் இத்தனை கிராம் என்று எழுதி வையுங்கள். போன மாதம் வாங்கியவருக்கு இந்த மாதமும் அதே ருசி கிடைத்தால்தான் மறுபடி வருவார்.

மில்லில் அரைத்த பொடி சூடாக இருக்கும். அதைத் தட்டில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகே பாக்கெட் போட வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டிவிடும். ஒவ்வொரு தடவை செய்யும்போதும் ஒரு பாக்கெட்டைத் தேதி எழுதித் தனியே எடுத்து வையுங்கள். மாதம் ஒரு முறை அதில் கொஞ்சம் எடுத்து முகர்ந்து பாருங்கள். உங்கள் பொடி எத்தனை நாள் மணம் மாறாமல் இருக்கிறது என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வதை, 'கொஞ்சம்தானே விற்கிறோம்' என்று தள்ளிப் போடாதீர்கள். சின்ன வியாபாரத்துக்கும் அது அவசியம்.

நோட்டுப் புத்தகம் என்னும் குரு

லாபம் பார்ப்பதில்தான் பல பெண்கள் ஏமாந்து போகிறார்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். (விலைகளை உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.)

சாமான்கள் மொத்தம் 1 கிலோ: 300 ரூபாய். மில் கூலி: 40. கவரும் லேபிளும்: 30. காஸ், பஸ் செலவு: 30. ஆக 400 ரூபாய். காய்ந்தது, மில்லில் ஒட்டியது போக, 100 கிராம் பாக்கெட் 9 தேறும். அடக்க விலை 44 ரூபாய்க்குச் சற்று மேல். 50 ரூபாய்க்கு விற்றால் லாபம்தானே என்று தோன்றும். 9 பாக்கெட்டுக்கு 450 வரும். செலவு போக மிச்சம் 50. நாலு மணி நேரம் நின்ற காலுக்குக் கூலி அவ்வளவுதானா?

உங்கள் உழைப்புக்கு மணிக்கு 50 ரூபாய் போட்டாலும் 200 ஆகிறது. அப்படியானால் அடக்கம் பாக்கெட்டுக்கு 67 ரூபாய். 80 ரூபாய் விலை வைத்து, கடைக்காரருக்கு நூற்றுக்கு 15 கமிஷன் கொடுத்தால் கைக்கு வருவது 68. ஆக, லாபம் ஒரு ரூபாய்!

மனம் தளர வேண்டாம். அதே பொடியை மூன்று கிலோவாகச் செய்யும்போது வேலை நேரம் மூன்று மடங்காவதில்லை. மில்லுக்குப் போவதும் ஒரே நடைதான். லாபம் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் மூன்று கிலோ விற்கும் என்று தெரிந்த பிறகே மூன்று கிலோ அரைக்க வேண்டும். அதுவரை பொறுமை!

வீட்டுச் செலவுப் பணமும் வியாபாரப் பணமும் ஒரே டப்பாவில் இருக்கக் கூடாது. மொபைலில் பணம் வந்தாலும் நோட்டில் எழுதுங்கள். கடன் சொல்லி வாங்குபவர் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். "பழைய பாக்கி தீர்ந்ததும் அடுத்தது தருகிறேன், அக்கா" என்று சிரித்த முகத்தோடு சொல்லப் பழகுங்கள். உறவும் கெடாது, முதலும் கரையாது.

படிப்படியாக

எப்போது பெரிதாக்கலாம்? செய்ததெல்லாம் குறித்த நாளுக்குள் விற்று, அடுத்த தடவைக்கான சாமானை வியாபாரப் பணத்திலேயே வாங்க முடிகிறதா? இது தொடர்ந்து மூன்று மாதம் நடந்தால் அளவைக் கூட்டுங்கள். ஆறு மாதம் நடந்தால் இரண்டாவது சாமானை யோசியுங்கள். முதல் மாதமே வளையலை அடகு வைத்து மெஷின் வாங்குவது வேண்டவே வேண்டாம். இயந்திரம் தேவைப்படும் நாள் வந்தால், 2015-ல் ஆரம்பித்த முத்ரா திட்டம் பற்றி வங்கியில் கேளுங்கள். அப்போது உங்கள் கணக்கு நோட்டே உங்களுக்காகப் பேசும்.

குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டில் விசேஷம், அடைமழை என்று சில வாரம் வேலை நிற்கத்தான் செய்யும். இருபது வாடிக்கைக்காரர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் காத்திருப்பார்கள். நின்றது தோல்வி அல்ல. மறுபடி ஆரம்பிக்காமல் விடுவதுதான் தோல்வி.

இந்த மாதம் போன மாதத்தைவிட ஒரு பாக்கெட் கூடுதலாகப் போனதா? பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் திரும்பி வந்தாரா? அது முன்னேற்றம்தான். நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த வாரத்துக்கு மல்லியைக் காயப் போடுங்கள்.