ஸ்வெட்டர் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நின்னு படிச்சிட்டுப் போங்க!



கோத்தகிரிப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு எழுதி முடித்ததும் ஒரு அக்கா தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி எங்கள் கையில் கொடுத்தார். "தூக்கிப் பாருங்க மேடம், என்ன கனம்! கனமா இருந்தா குளிர் தாங்கும்னு வாங்கினேன். பனிமூட்டத்துல தோட்டத்துக்குப் போனா ஒன்பது மணிக்கே நனைஞ்சிடுது, அப்புறம் இன்னும் குளிருது. காய மூணு நாள் ஆகுது" என்றார். வீட்டு வாசலில் தவணைக்கு வாங்கியது. ரொக்கத்துக்கு 900 ரூபாய். வாரம் 100 வீதம் 12 வாரம் கட்டி 1,200 ரூபாய் கொடுத்திருக்கிறார்.

அன்று பேசியது எல்லாக் குழுக்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

கனம் வேறு, கதகதப்பு வேறு

ஸ்வெட்டர் தானாகச் சூட்டை உண்டாக்காது. நம் உடம்புச் சூடு வெளியே போகாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்வது துணியின் பஞ்சு போன்ற இழைகளுக்கு நடுவே தங்கும் காற்று. காற்று இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் புகுந்துவிட்டால் சூடு நிற்காது. அந்த அக்காவுக்கு நடந்தது இதுதான்.

ஃப்ளீஸில் இரண்டு வகை

ஃப்ளீஸ் என்றால் ஆங்கிலத்தில் ஆட்டு ரோமம். கடையில் இந்தப் பெயரில் இரண்டு துணிகள் இருக்கின்றன.

ஒன்று, பருத்தி ஃப்ளீஸ். வெளிப்பக்கம் பனியன் துணி போல வழவழப்பாகவும், உள்பக்கம் பஞ்சு போலவும் இருக்கும். திருப்பூரில் நிறைய தயாராகிறது. வீட்டுக்குள்ளும், மழை இல்லாத நாளிலும் போட நல்லது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும், சீக்கிரம் காயாது.

இன்னொன்று, பாலியஸ்டர் ஃப்ளீஸ். பெரும்பாலும் இரண்டு பக்கமும் பஞ்சு போல இருக்கும். 1979-ல் அமெரிக்காவில் மால்டன் மில்ஸ் என்ற ஆலை உருவாக்கிய துணி இது. எடை குறைவு, ஈரத்தை உறிஞ்சுவது மிகக் குறைவு, சீக்கிரம் காய்ந்துவிடும். பனிமூட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுவே ஏற்றது.

கடையில் என்ன பார்க்கணும்?

1. உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். பாலியஸ்டர் எத்தனை சதவீதம், காட்டன் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் மகளையோ பேரனையோ கூட்டிப் போங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

2. ஒரு சதுர மீட்டர் துணியின் எடையை ஜி.எஸ்.எம். என்பார்கள். 100 என்றால் மெல்லிசு. 200 என்றால் நடந்து வேலை செய்பவர்களுக்குப் போதும். விடியற்காலையில் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவர்களுக்கு 300 நல்லது.

3. உள்ளங்கையால் ஒரே இடத்தில் நன்றாகத் தேயுங்கள். உடனே சின்னச் சின்ன உருண்டைகள் கிளம்பினால் அந்தத் துணி வேண்டாம். கூடை வார் உரசும் தோளில் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

4. போட்டுப் பார்த்துக் கையைத் தூக்குங்கள், குனியுங்கள். முதுகு வெளியே தெரிந்தால் நீளம் போதாது. மணிக்கட்டும் கழுத்தும் இறுக்காமல் மூடியிருக்க வேண்டும்.

5. தலை வழியாகப் போடும் மாடலில் முன்பக்கம் காற்று புகாது. ஆனால் புடவைக்கு மேல் போட்டுக் கழற்றுவது சிரமம். கழுத்தில் பாதி ஜிப் இருந்தால் கொஞ்சம் சுலபம். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் முழு ஜிப் வைத்ததையே வாங்குங்கள்.

சாதாரண ஃப்ளீஸ் பலத்த காற்றையும் மழையையும் தடுக்காது. மேலே ஒரு மழைக்கோட்டு வேண்டும்.

அடுப்படியில் கழற்றி வையுங்கள்!

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம். பாலியஸ்டர் நெருப்பில் உருகும், உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பில் ஊதும்போதும், வாசலில் தீ மூட்டிக் குளிர்காயும்போதும் இதைப் போடாதீர்கள். அந்த நேரத்துக்குக் கம்பளி ஸ்வெட்டர் பாதுகாப்பானது. பருத்தி ஃப்ளீஸ் உருகாது, ஆனாலும் அதன் பஞ்சில் தீ சட்டென்று பிடிக்கும். அதையும் கழற்றி வையுங்கள். அன்றைய கூட்டத்திலேயே இன்னொரு சகோதரி தன் ஸ்வெட்டர் கையை நீட்டிக் காட்டினார். தீப்பொறி பட்டு ஐந்தாறு ஓட்டை! "நல்லவேளை, துணியோட போச்சு" என்றார்.

தப்பித்தவறித் தீப்பிடித்தால் உடனே தண்ணீர் ஊற்றி அணையுங்கள். புண்ணின் மேல் 20 நிமிடம் சாதாரண தண்ணீர் ஓடட்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. மாவு, பற்பசை எதுவும் தடவ வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள்.

துவைப்பது எப்படி?

உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். பாலியஸ்டருக்குச் சூடான இஸ்திரிப் பெட்டி ஆகாது. அடிக்கடி துவைக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் உதிர்ந்து ஓடைத் தண்ணீரில் கலக்கின்றன.

கணக்கையும் பாருங்க

அந்த அக்கா தவணைக்காக அதிகம் கொடுத்தது 300 ரூபாய். அதே 900 ரூபாயைக் குழுவில் மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டியில் எடுத்து, மாதம் 300 வீதம் கட்டியிருந்தால் மூன்று மாத வட்டி 9, 6, 3 என மொத்தம் 18 ரூபாய்தான். அந்த 18 ரூபாயும் நம் குழுவுக்கே வரும்!

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் இதை வாசித்துக் காட்டுங்கள். யாருக்கெல்லாம் ஸ்வெட்டர் தேவை என்று பட்டியல் எழுதி, பத்துப் பேர் சேர்ந்து போய் விலை பேசுங்கள். தனியாகப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் விலை. பத்துப் பேராகப் போனால் நாம் கேட்பதற்கும் மரியாதை இருக்கும்.