ஒரே கம்பியில் பேச்சும் நகலும்

தொலைநகல் யந்திரத்தைத் தொலைபேசிக்குப் பின் தோன்றிய சாதனமென்று எண்ணுவோர் பலர். உண்மையில் அதுவே மூத்தது. கம்பி வழியே உருவங்களை அனுப்பும் முறைக்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் பெயின் 1843-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். பெல்லின் தொலைபேசி 1876-இல்தான் வந்தது. மூத்ததும் இளையதும் ஒரே கம்பியில் குடித்தனம் நடத்த நேரும்போது விளையும் தொல்லைகளை இங்கு ஆராய்வோம்.

இடுக்கி மாவட்டத்தில் குமுளியை அடுத்த சக்குபள்ளத்தில், ஏலக்காய்க் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்புறம் கடை, பின்புறம் வீடு. இரண்டிற்கும் ஒரே கம்பி. அதில் இரு தொலைபேசிகளும் ஒரு தொலைநகல் யந்திரமும் இணைந்துள்ளன. போடிநாயக்கனூரிலிருந்து விலைப்பட்டியல் வருகிறது. பாதிப் பக்கத்தில் யந்திரம் நின்றுவிடுகிறது. காரணம் யாது?

அழைக்கும் யந்திரம், விநாடிக்கு 1,100 அதிர்வுகள் கொண்ட ஒலியை அரை விநாடி எழுப்பி, மூன்று விநாடி மௌனமாயிருந்து, மீண்டும் எழுப்பும். ஏற்கும் யந்திரம் 2,100 அதிர்வுகள் கொண்ட ஒலியால் மறுமொழி கூறும். பின்னர் இரண்டும் தத்தம் திறனை மெதுவாக அறிவித்துக்கொண்டு, கம்பியின் தரத்தைச் சோதித்து, ஒரு வேகத்திற்கு இணங்கும். அதன்பின் பக்கத்தின் ஒவ்வொரு கோடும் 1,728 புள்ளிகளாகப் பகுக்கப்பட்டு, ஒலி வடிவில் கம்பியில் ஓடும். அவ்வேளையில் வீட்டிலுள்ளோர் தொலைபேசியை எடுத்தால், வரும் ஒலியின் வலிமை பங்கிடப்பட்டுக் குன்றும்; அறையின் சந்தடியும் அதில் கலக்கும். யந்திரத்திற்கு அது பேச்சு நடுவே காதைப் பொத்தியது போன்றதே. ஆகவே, சுவரிலிருந்து வரும் கம்பியை முதலில் தொலைநகல் யந்திரத்திற்கே கொடுத்து, தொலைபேசிகளை அதன் இரண்டாவது துளையில் இணைத்தல் நலம். நகல் வரும்போது அவற்றைத் துண்டித்துவிடும் அமைப்புப் பல யந்திரங்களில் உண்டு. அழைப்புக் காத்திருப்பு வசதியின் சிறு ஒலியும் இதே தீங்கைச் செய்யும். அவ்வசதியை நீக்கச் சொல்லலாம்.

வேறொரு குறை: அழைப்பு வந்தும் யந்திரம் ஏற்பதில்லை. மணி எத்தனை முறை ஒலித்தபின் ஏற்க வேண்டுமென்று குறிக்கப்பட்டுள்ளதோ, அதற்கு முன்பே பதிவுக் கருவியோ மனிதரோ முந்திக்கொள்வதுண்டு. பேச்சா நகலா எனத் தானே தேரும் யந்திரங்கள் மேற்சொன்ன 1,100 அதிர்வு ஒலியையே எதிர்பார்க்கும். அனுப்புவோர் கையால் எண் சுழற்றி, பொத்தானை அழுத்தாமல் காத்திருந்தால் அவ்வொலி எழாது; யந்திரமும் மனிதர் அழைப்பதாகவே கருதும். தொலைபேசியை எடுத்தவர் விட்டுவிட்டு ஒலி கேட்பாராயின், யந்திரத்தின் தொடக்கப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையிலுள்ளதை வைத்துவிடலாம்.

முற்றிலும் நின்றுபோகும் நகலினும் அபாயகரமானது, முழுமையாக வந்ததுபோல் தோன்றும் நகல். இரைச்சலால் ஒரு கோடு சிதைந்தால், சில யந்திரங்கள் முந்தைய கோட்டையே மீண்டும் அச்சிட்டு இடைவெளியை மறைத்துவிடும். சிதைவு வரம்புக்குள் இருப்பின் அனுப்பியவருக்கு "சேர்ந்தது" என்றே அறிவிப்புச் செல்லும். இதற்கிடையே பட்டியலில் 8 என்பது 3 ஆகியிருக்கலாம். ஏலக்காய் வணிகத்தில் அவ்வேறுபாடு சிறிதன்று. பிழை திருத்தும் முறையை இயக்கினால், சிதைந்த பகுதி மட்டும் மீண்டும் கோரிப் பெறப்படும். நேரம் கூடும் என்று சிலர் அதை நிறுத்தி வைக்கிறார்கள். அது சிக்கனமென்று நமக்குத் தோன்றவில்லை. வேகத்தை 9,600 பிட்டிலிருந்து 4,800-க்குக் குறைப்பதும் பலன் தரும்.

குற்றம் வீட்டினுள்ளா வெளியிலா என அறிய, மற்றெல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டு யந்திரத்தை மட்டும் இணைத்துப் பார்க்க வேண்டும். நகல் சரியாக வந்தால், கருவிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கையில் குற்றவாளி அகப்படும். வராவிடில், தொலைபேசியில் ஓர் எண்ணை மட்டும் அழுத்தி, மௌனத்தில் காது கொடுத்துக் கேட்கலாம். படபடவென்னும் ஓசை, இணைப்புகளில் ஈரம் புகுந்ததற்கு அறிகுறி. மலைநாட்டு மழைக்காலத்தில் இதனை முதலில் ஐயுற வேண்டும். அகலக்கற்றை இணைப்பும் அதே செம்புக் கம்பியில் வருமாயின், யந்திரத்தின் முன் வடிகட்டி தேவை.

செம்புக்குப் பதில் ஒளியிழை வந்த இடங்களில் நிலைமை வேறு. அங்கு ஒலி சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. மனிதக் குரலுக்கெனச் சுருக்கும் முறை நகலின் ஒலியைக் குலைத்துவிடும். இதற்கெனவே டி.38 என்னும் சர்வதேச விதி 1998-இல் வகுக்கப்பட்டது. சேவையளிப்போர் அதனை ஆதரிக்கிறார்களா என்று கேட்டறிதல் வேண்டும்.

துலா மாதத்து இடியின்போது மின்கம்பி, தொலைபேசிக் கம்பி இரண்டையுமே கழற்றி வைக்கவேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் யந்திரம் தப்பாது.