கடலுக்குப் போக ஒரு வான்

"மிஸ், ஒரு நாளைக்கு எல்லாருமாச் சேர்ந்து எங்கயாவது போய் வருவமே?"

ஜனவரி மாதத்தில் சங்கக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டும்போது ஒரு தங்கை கேட்ட கேள்வி இது. வவுனியா நகரை அண்டிய கிராமமொன்றில் 13 பெண்களைக் கொண்ட சிறுசேமிப்புக் குழுவுடன் சில வருடங்களாக வேலை செய்து வருகின்றேன். இவர்களில் 9 பேர் தனித்து நின்று குடும்பத்தைத் தாங்குபவர்கள். ஆஸ்பத்திரி, பாடசாலை, கச்சேரி, செத்த வீடு, இவை தவிர்ந்த ஒரு காரணத்துக்காக வீட்டை விட்டு ஒரு நாள் முழுக்க வெளியே போனது எப்போது என்று கேட்டேன். இருவர் யோசித்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

திருகோணமலைக்குப் போவோம் என்று நான்தான் சொன்னேன். ஹொரவப்பொத்தானை வழியாக ஏறத்தாழ 100 கிலோமீற்றர். விடியப் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். நிலாவெளிக் கடல், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்று நான் அடுக்க, கைகள் தட்டப்பட்டன. வாரம் 100 ரூபா வீதம் 22 வாரம், என்னோடு சேர்த்து 14 பேர், மொத்தம் 30,800 ரூபா. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை என்று முடிவாயிற்று. கிழக்குக் கடல் மாரியில் கொந்தளிக்கும். சித்திரைக்குப் பிறகுதான் குளிக்கத் தோதாக இருக்கும். பொசன் போயாவை அண்டிய நாட்களையும் தவிர்த்தோம். அநுராதபுரம், மிகிந்தலைப் பக்கம் போகும் சனத்தால் வாகனமும் கிடைக்காது, பாதையும் நெரியும்.

காசு சேர்ப்பது சுலபமாக இருந்தது. அனுமதி சேர்ப்பதுதான் கஷ்டம். ஒருவரின் கணவர் தானும் வருவதாக நின்றார். இன்னொருவரின் மாமியார், "புருஷன் இல்லாதவளுக்குக் கடற்கரை என்னத்துக்கு?" என்று வேலியில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். ஒரு பெண் கோயிலுக்குப் போவதென்றால் எவரும் கேள்வி கேட்பதில்லை. அவள் காற்று வாங்கப் போவதென்றால் மட்டும் நூறு கேள்விகள். சிலர் வீட்டில் கோணேசர் பெயரை மட்டுமே சொல்லி அனுமதி பெற்றார்கள். அதை நான் திருத்தப் போகவில்லை. ஆண்கள் எவரும் வேண்டாம், சாரதி மட்டும் போதும் என்பதில் குழு உறுதியாக நின்றது. சாரதியாக, நாங்கள் எல்லோரும் அறிந்த, பேரப்பிள்ளைகள் கண்ட ஒரு ஐயா கிடைத்தார். அவருடைய 14 ஆசன ஹயஸ் வானுக்கு எரிபொருளோடு 26,000 ரூபா பேசினோம்.

நான் எழுதிக் கொண்டுபோன நேர அட்டவணையை அந்த ஐயா ஒரு நிமிடத்தில் கிழித்துவிட்டார். காலையில் கோயில், பின்னேரம் கடல் என்று போட்டிருந்தேன். "பிள்ளை, இது கச்சான் காத்து வீசிற காலம். நேரம் போகப் போகக் காத்துப் பலக்கும். அது தரையிலயிருந்து கடலுக்கு இழுக்கும். தண்ணி குளம் மாதிரித் தெரியும், ஆனா ரியூப்பிலயோ மிதவையிலயோ ஏறினவர் தன்பாட்டில வெளியால போயிடுவர்" என்றார். பெண்களும் தங்கள் பங்குக்குத் திருத்தினார்கள். கடல் உப்போடு கோயிலுக்குள் போவதா? ஆகவே முதலில் கடல், மதியச் சாப்பாடு, அதன்பின் கன்னியாவில் உப்புப் போக முழுக்கு, பின்னேரம் நடை திறந்ததும் கோயில் என்று ஆயிற்று. கருவாடு வாங்குவதென்றால் கோயிலுக்குப் பிறகுதான். என் அட்டவணையை விட இது எவ்வளவோ மேல்.

பேசத் தயங்கிய விடயங்களையும் பேசினோம். அன்று மாதவிலக்கு வந்துவிட்டால்? கோயிலுக்குள் போக விரும்பாதவர்கள் போகும் வழியிலுள்ள பிரட்றிக் கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஏன் நிற்கிறாய் என்று எவரும் கேட்கக் கூடாது. மலசலகூடம் எங்கெங்கே என்று ஐயாவிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டேன். வழியில் அடக்கிக்கொள்வதற்காகத் தண்ணீரே குடிக்காமல் பயணம் செய்வது எங்கள் பெண்களின் பழக்கம். ஜூன் மாத வெயிலில் அது மயக்கத்தில்தான் முடியும். சேலையோடு கடலில் இறங்குவதில்லை என்றும் முடிவெடுத்தோம். நனைந்த சேலை காலைச் சுற்றினால் இடுப்பளவு தண்ணீரிலும் எழும்ப முடியாது. சுரிதார் இல்லாதவர்களுக்கு மகள்மாரின் சுரிதார்கள் அகலமாக்கப்பட்டன.

அகலமாக்கித் தந்தவர் குழுவிலேயே மூத்தவரான தையல்கார அக்கா. வாராவாரம் முதல் ஆளாக 100 ரூபா கட்டியவரும் அவரே. மே மாத நடுப்பகுதியில் ஒருநாள், தைத்த துணிகளை என்னிடம் தந்துவிட்டு, "நான் வரேல்ல, மிஸ். காசைத் திருப்பித் தர வேண்டாம். ஆற்றையும் பிள்ளைக்குக் குடுங்கோ" என்றார்.

ஏன் என்று கேட்டேன். "நான் கடைசியாக் கடலைப் பார்த்தது 2009 மே மாசம்" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

முள்ளிவாய்க்கால் கரையிலிருந்து மெனிக்பாம் முகாமுக்கு வந்து, முகாம் மூடப்பட்டபின் இங்கேயே தங்கிவிட்டவர் அவர். இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. அவருடைய கோவையில் என் கையெழுத்தில்தான் அது இருக்கின்றது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பங்கேற்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். ஆனால் எங்கே போகலாம் என்று கேட்காமல், எனக்குப் பிடித்த கடலை அவர்கள் எல்லோருக்கும் பிடித்ததாக வைத்துக்கொண்டேன். கைதட்டியவர்களில் அவரும் இருந்தார் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

இடத்தை மாற்றுவோம் என்று அடுத்த கூட்டத்தில் சொன்னேன். அக்காவே மறுத்தார். "அதுகள் ஆசைப்பட்டிட்டுதுகள். விடுங்கோ." அவரைப் போலவே அதே கரையில் இருந்து வந்த இன்னும் மூவர் குழுவில் உண்டு. அவர்களில் ஒருத்தி, தனக்குக் கடலில் குளிக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதத்தோடு சொன்னாள். ஒரே கரையில் நின்றவர்களுக்குக்கூட ஒரே கடல் இல்லை. கடைசியில் அக்கா வர ஒப்புக்கொண்டது, சாமான்களுக்குக் காவல் இருக்க ஒரு ஆள் வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டதால். அப்படிக் கேட்கும்படி நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

காலை 5 மணிக்குப் புறப்பட்டு, வழியில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டு, 8 மணிக்கு நிலாவெளியை அடைந்தோம். அக்கா மர நிழலில் பைகளை அடுக்கி, வானின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். மற்றவர்கள் கைகோத்து இடுப்பளவு வரை இறங்கினார்கள். அன்றைக்கு நான் கேட்ட சத்தத்தை எங்கள் கூட்டங்களில் ஒருபோதும் கேட்டதில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தது பிழையோ என்று வழி முழுக்கப் புலம்பியவள்தான் கடைசியாகக் கரையேறினாள். புளிச்சாதம் சாப்பிட்டோம். கன்னியாவில் ஏழு கிணறுகளிலும் மாறி மாறி வாளியால் அள்ளி ஊற்றி, எது கூடச் சூடு என்று சண்டை பிடித்தோம்.

அங்கே அக்காவும் குளிக்க வந்தார். சேலைக் கரையை அவர் உதறியபோது கடல் மணல் கொட்டியது. கீழ்ப்பக்கம் முழங்கால் வரை உப்புப் படிந்து காய்ந்திருந்தது. நாங்கள் தண்ணீருக்குள் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் எப்போது எழும்பிப் போனார், எவ்வளவு நேரம் நின்றார் என்று எவருக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை.

ரிக்கற், ஐயாவின் சாப்பாடு, ஐஸ்கிறீம் எல்லாம் போக 640 ரூபா மிஞ்சியது. கோயிலால் வந்ததும் அதற்குக் கருவாடு வாங்கி 14 பங்காகப் பிரித்தார்கள். ஹொரவப்பொத்தானை தாண்டும் மட்டும் ஐயா வான் கண்ணாடியைப் பூட்டவிடவில்லை.