ஆட்டத்தின் நடுவே ஒரு கடை

மைதான ஓரத்து விளம்பரப் பலகையைக் கண்டுகொள்ளாத ரசிகர், போன் திரையில் குறுக்கே வரும் விளம்பரத்தைக் கண்டால் கொதிக்கிறார். எல்லையோரக் கேரளத்தில் இந்தக் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு.

நவம்பர் பிறந்தால் பாலக்காடு மாவட்டத்தில் செவன்ஸ் கால்பந்து சீசன். அறுவடை முடிந்த வயலிலோ பள்ளி மைதானத்திலோ கட்டை கட்டி எழுப்பிய தற்காலிக காலரிகள், ராத்திரியைப் பகலாக்கும் விளக்குகள், அணிக்கு 7 பேர். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. அணிகளின் பெயர்களைப் பாருங்கள்: ராயல் டிராவல்ஸ் கோழிக்கோடு, சூப்பர் ஸ்டுடியோ மலப்புரம், மெடிகார்டு அரீக்கோடு, அல் மதீனா செர்புளச்சேரி. பாதி ஊர்ப் பெயர், பாதி பணம் போடும் புரவலரின் பெயர். ஆயிரக்கணக்கானோர் தொண்டை கிழியக் கத்துவது ஒரு டிராவல்ஸ் கம்பெனியின் பெயரை. ஆப்பிரிக்காவிலிருந்து ஆட வருகிறவர்களின் சட்டை முழுக்கக் கடைகளின் பெயர். 2018-ல் வெளிவந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த உலகம் பரிச்சயம்.

மலைமேல் போனால் கதை இன்னும் வேடிக்கை. இடுக்கி மாவட்டத்தின் மூணாறில் தேயிலை எஸ்டேட் அணிகள் மோதும் ஃபின்லே கோப்பைக் கால்பந்துப் போட்டி பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கியது. ஃபின்லே என்பது அங்கே தோட்டங்களை நடத்திய ஸ்காட்லாந்துக் கம்பெனி. 1983-ல் டாடா டீ வந்தது. 2005-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் வந்தது. முதலாளிகள் மாறினார்கள், கோப்பையின் பெயர் மாறவில்லை. பந்தை உதைப்பவர்களும் கைதட்டுபவர்களும் பெரும்பாலும் லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களுக்கு ஃபின்லே ஒரு கம்பெனி அல்ல, ஒரு போட்டி. இதைவிட நீண்ட ஆயுள் கொண்ட விளம்பரம் கிடைப்பது கஷ்டம்.

இப்படி விளம்பரத்தோடு கூடிக் குலாவி வளர்ந்த இதே ரசிகர்தான், கையில் போனை எடுத்ததும் வேறு ஆளாகிவிடுகிறார். லூடோவில் காய் வீட்டுக்குள் நுழையப் போகும் நேரத்தில் ஒரு 30 நொடி விளம்பரம். அதை மூடும் பெருக்கல் குறி எறும்பு அளவு. குறி தப்பினால் ஏதோ ஒரு செயலியை இறக்கும் பக்கத்துக்குப் போய் நிற்கிறது போன். சிக்னல் தள்ளாடும் மலைச்சரிவில், விளம்பரம் சுற்றிச் சுற்றியே டேட்டாவைத் தின்கிறது. இதற்கு வாழ்த்தா பாடுவார்கள்?

ஆக, ஆடுபவர்களுக்கு விளம்பரமே ஆகாது என்று சொல்வது தவறு. விளம்பரம் எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். வீடியோ கேம்ஸின் சரித்திரமும் இதையே காட்டுகிறது. 1982-ல் ஜப்பானின் நாம்கோ கம்பெனி 'போல் பொசிஷன்' என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டபோது, ஓடுபாதை ஓரத்தில் நிஜக் கம்பெனிகளின் பலகைகள் நின்றன. பந்தயப் பாதையில் பலகை இல்லாவிட்டால்தான் அது செயற்கை. கால்பந்து விளையாட்டுகளில் மைதானத்தைச் சுற்றி விளம்பரத் தட்டிகள் வந்ததும் அப்படித்தான். 2008 அமெரிக்கத் தேர்தலின்போது 'பர்ன்அவுட் பாரடைஸ்' என்ற கார் விளையாட்டின் சாலையோரப் பலகையில் பராக் ஒபாமாவின் பிரசாரப் படம் தோன்றியது. ஆடியவர்கள் அதைக் கடந்து காரை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

2020-ல் நடந்தது வேறு. அந்த ஆண்டு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி, 'யு.எஃப்.சி. 4' என்ற சண்டை விளையாட்டில் ரீப்ளே காட்டும் இடத்தில் ஒரு டி.வி. தொடரின் விளம்பரத்தைச் சொருகியது. 60 டாலர் கொடுத்து வாங்கிய விளையாட்டு அது. ஆடியவர்கள் வெடித்தார்கள். கம்பெனி சில நாட்களிலேயே விளம்பரத்தைக் கழற்றிவிட்டது. அடுத்த மாதமே 'என்.பி.ஏ. 2கே21' கூடைப்பந்து விளையாட்டில் தள்ளிவிட முடியாத விளம்பரம் வந்தது. அதே ஆர்ப்பாட்டம். அந்த இடத்தில் விளம்பரம் வர நாங்கள் உத்தேசிக்கவில்லை என்று கம்பெனி சமாதானம் சொன்னது. காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்த தியேட்டர்காரர், படத்தின் கிளைமாக்ஸில் ஊறுகாய் விற்க வந்தால் எப்படி இருக்கும்?

இலவச விளையாட்டில் கணக்கு வேறு. 2016-ல் நவி மும்பையில் பிறந்த 'லூடோ கிங்' 2020 ஊரடங்கில் வீடு வீடாகப் புகுந்தது. காசு கேட்கவில்லை, விளம்பரம் காட்டியது. அதுதான் நுழைவுக் கட்டணம் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு சாமர்த்தியமான ஏற்பாடும் உண்டு. விளம்பரத்தை முழுக்கப் பார்த்தால் ஒரு உயிர் கூடுதல், அல்லது கொஞ்சம் நாணயம். பார்ப்பதும் விடுவதும் ஆடுபவர் இஷ்டம். இந்த வகை விளம்பரத்தின் மேல் ஆடுபவர்களுக்குக் கோபம் குறைவு. சிலர் தேடிப் போயே பார்க்கிறார்கள். பேரம் நேர்மையானது என்றால் சந்தையில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டது பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. பப்ஜி 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பிறகு, கொரியாவின் கிராஃப்டான் கம்பெனி 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்று கொண்டுவந்த விளையாட்டு. 2022-ல் அதுவும் காணாமல் போய் 2023-ல் திரும்பி வந்தது. 2025-ல் அதில் மஹிந்திராவின் மின்சாரக் காரும் ராயல் என்ஃபீல்டின் புல்லட்டும் ஓடின. சென்னையில் தயாராகும் வண்டி போர்க்களத்தில் ஓடுகிறது என்றால் நம் பையன்களுக்குப் பெருமைதான். ஆனால் இத்தகைய அலங்காரங்களைப் பெறப் பெரும்பாலும் விளையாட்டின் செலாவணியைச் செலவழிக்க வேண்டும். அதை நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். விளம்பரம் செய்பவர்தான் காசு கொடுப்பார் என்பது பழைய விதி. இங்கே விளம்பரத்தைப் பார்ப்பவரே காசு கொடுக்கிறார், சந்தோஷமாக.

இதெல்லாம் எல்லா ஊருக்கும் பொது. பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், இடுக்கியின் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய எல்லை ஊர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சங்கடம் உண்டு. போன் விளம்பரம் பெரும்பாலும் இருக்கும் இடத்தையும் போனின் மொழியையும் பார்த்து வருகிறது. மாநிலத்தின் எல்லைக் கல் டவருக்குத் தெரியாது. மூணாறு லயத்தில் ஓடுவதோ தமிழ் டி.வி. சேனல். எந்த மாநிலச் சட்டம் எந்த விளம்பரத்தைக் கட்டுப்படுத்துகிறது?

பணம் வைத்து ஆடும் ரம்மியின் விளம்பரம் வந்த காலத்தில் இந்தக் கேள்வி வெறும் வாதமாக இருக்கவில்லை. தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து தடுத்தது. அப்போது கேரளத்தில் தடை இல்லை. 2021 பிப்ரவரியில் கேரளமும் தடுத்தது. ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் சட்டத்தை ரத்து செய்தது. கேரள உயர் நீதிமன்றம் அங்கத்திய தடையை ரத்து செய்தது செப்டம்பர் கடைசியில். ஆக, 2021-ல் ஏறக்குறைய 8 வாரம், கோபாலபுரம் சாவடிக்கு இந்தப் பக்கம் செல்லுபடியான ஆட்டம் அந்தப் பக்கம் குற்றம். முந்தைய குளிர்காலத்தில் நேர் தலைகீழ். கள்ளுக்கும் லாட்டரிக்கும் எல்லை தாண்டிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் லாட்டரிக்காவது பஸ் ஏறிப் போக வேண்டும். இது பையில் இருக்கும் போனிலேயே வந்து கூப்பிட்டது.

கூப்பிட்டவர்களும் சாமானியர்கள் அல்ல. 2021 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ரம்மி விளம்பரத் தூதர்களான விராட் கோலி, தமன்னா, அஜு வர்கீஸ் ஆகியோருக்கு நோட்டீஸ் அனுப்பியது. தமிழ்நாட்டில் கடனில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்தன. அரசு 2022-ல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. குழுவின் அறிக்கைக்குப் பிறகு மறுபடி அவசரச் சட்டம், 2023 ஏப்ரலில் முழுச் சட்டம். அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் தடையிலிருந்து விடுவித்தது. விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2020 டிசம்பரிலேயே விதி போட்டிருந்தது: இதில் பண நஷ்ட அபாயம் உண்டு, அடிமையாக்கக்கூடும் என்று விளம்பரத்திலேயே எச்சரிக்க வேண்டும். பல விளம்பரங்களில் அந்த எச்சரிக்கை வாசகம் ஜெட் வேகத்தில் பறந்தது.

சாதாரண விளம்பரமும் இதுவும் ஒன்றல்ல. சோப்பு விளம்பரம் பார்த்தவர் சோப்பு வாங்கினால் அதோடு முடிந்தது. இலவச லூடோவின் நடுவே வந்த ரம்மி விளம்பரம், ஒரு ஆட்டத்திலிருந்து இன்னொரு ஆட்டத்துக்குக் கையைப் பிடித்து இழுத்தது. ஆடுபவருக்கு இரண்டும் ஒரே திரை, ஒரே விரல் தட்டல். வித்தியாசம் வங்கிக் கணக்கில்தான் தெரிந்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை இரண்டே நாளில் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நாடு முழுவதும் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. எல்லையின் இரு பக்கமும் ஒரே சட்டம் என்ற அளவில் கோபாலபுரத்தின் குழப்பம் தீர்ந்தது. பெரிய கம்பெனிகள் உடனே கடையைச் சாத்தின. வெளிநாட்டில் இருந்துகொண்டு நாளுக்கொரு பெயரில் வரும் சூதாட்டச் செயலிகளின் விளம்பரங்களைப் பிடிப்பது வேறு வேலை.

இந்தச் சட்டத்தால் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையும் மாறியது. 358 கோடி ரூபாய்க்கு 2023-ல் ஒப்பந்தம் போட்ட ட்ரீம்11 விலகியது. 2025 செப்டம்பர் ஆசியக் கோப்பையில் அணி ஸ்பான்சர் பெயரே இல்லாத சட்டையோடு ஆடியது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே புது ஒப்பந்தம் கையெழுத்தானது. வந்தவர் அப்போலோ டயர்ஸ், பாலக்காட்டை அடுத்த திருச்சூர் மாவட்டத்தின் பேராம்பிராவில் தொழிற்சாலை வைத்திருக்கும் கம்பெனி. டயர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் கடன் வாங்கி டயர் வாங்குபவர் யாரும் இல்லை.