கடல் மீனுக்கு எந்தத் தண்ணீர்?

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இன்று தொடர்மாடிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் வசதியான சில வீடுகளின் முன்னறையில் கண்ணாடித் தொட்டி ஒன்றும், அதனுள் கோமாளி மீனும் சிறு இறாலும் கடற்சாமந்தியும் இருப்பதைக் காணலாம். நன்னீர் அலங்கார மீன் வளர்ப்பைச் சுயதொழிலாகச் செய்யும் சகோதரிகள் நம்மிடையே உள்ளனர். கடல்நீர்த் தொட்டியோ செலவு கூடியது. பணம் உள்ளவர்களின் பொழுதுபோக்கு. அதைப் பற்றி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அந்தத் தொட்டிக்கு நீர் மாற்றுவதும் கண்ணாடி துடைப்பதும் தீன் போடுவதும் பல வீடுகளில் வேலைக்கு வரும் பெண்ணின் பொறுப்பாகவே இருக்கின்றன. மீன் செத்தால் பழியும் அவளுக்குத்தான்.

கொட்டாஞ்சேனையில் நான் சமூகப் பணியாளராகக் கடமையாற்றும் பகுதியில், முல்லைத்தீவைச் சேர்ந்த அக்கா ஒருவர் வாடகை அறையொன்றில் வாழ்கின்றார். கணவரை 2009இல் இழந்தவர். இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். இளையவள் இப்போது உயர்தரம் படிக்கின்றாள். அக்கா அதிகாலையில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய் வீடுகளில் வேலை செய்கின்றார். சென்ற ஆண்டு வைகாசி மழைக்குப் பின்னர் ஒருநாள் மாலை எமது நிலையத்துக்கு வந்தவர், நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். தேநீர் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தார்.

"பிள்ளை, அந்த வீட்டு மீன் ஏழும் செத்துப் போச்சு. நான் சவர்க்காரக் கையைத் தொட்டிக்குள்ளை வைச்சிட்டனாம். இந்த மாசச் சம்பளத்திலை பாதியைப் பிடிச்சிட்டினம். தண்ணி கண்ணாடி மாதிரித்தானே இருந்தது!"

பின்னர் இன்னொன்றும் சொன்னார். "மெனிக் பாமிலை ஒரு வாளித் தண்ணிக்குப் பௌசருக்குப் பின்னாலை வரிசையிலை நிண்டனாங்கள். இங்கை மீனுக்குத் தண்ணி சரியில்லையெண்டு என்ரை சம்பளம் போகுது." இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி அறிந்துகொள்ள முடியும் என்று மட்டும் சொன்னேன்.

விசாரித்தபோது விபரம் தெரிந்தது. அந்த வீட்டில் தொட்டிக்கான நீரை வீட்டுக்காரரின் மகன் கடற்கரையிலிருந்து பிளாஸ்ரிக் கலன்களில் எடுத்து வருவது வழக்கம். இடையில் குறைந்தால் குழாய்நீர் ஊற்றப்படும். ஒரு கிழமை விடாமல் மழை பெய்த பின் கொண்டுவந்த நீரைத்தான் அக்கா தொட்டியில் மாற்றியிருந்தார். அலங்கார மீன் கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கலனில் மீதமிருந்த நீரைப் பரிசோதித்துப் பார்த்தார். உப்பு மிகக் குறைவு, அமோனியாவும் இருந்தது. மீனைக் கொல்ல அதுவே போதும்.

வீட்டு வாசலிலேயே கடல் இருக்கையில் வேறு நீர் எதற்கு என்பது எவருக்கும் தோன்றும் கேள்விதான். கரையோர நீர் நடுக்கடல் நீரல்ல. கொழும்பு நகரின் கழிவுநீரைக் கடலுக்குள் கொண்டுசெல்லும் இரண்டு நீண்ட குழாய்களில் ஒன்று வெள்ளவத்தையிலும் மற்றது கொட்டாஞ்சேனைக்கு அடுத்துள்ள முகத்துவாரத்திலும் இருக்கின்றன. வெள்ளவத்தைக் கால்வாயும் களனி கங்கையும் அதே கரையில்தான் கடலைச் சேர்கின்றன. நல்ல கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். பெருமழைக் காலத்தில் கரையோரத்தில் அது குறைந்துவிடும். நகரத்தின் அழுக்கு கூடிவிடும். 2021 மே மாதம் துறைமுகத்துக்கு வெளியே தீப்பற்றி ஜூன் மாதம் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியதை நாம் மறக்கவில்லை. மண்டபத்தில் இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பிரிவொன்று கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கின்றது. மண்டபம் முகாமில் இருந்த சகோதரிகள் சிலர் அந்த இடத்தை அறிந்திருப்பர். அத்தகைய இடங்களில்கூடக் கடல்நீர் வடிகட்டப்பட்ட பின்னரே தொட்டிக்குப் போகின்றது. வீட்டில் அந்த வசதி கிடையாது.

ஆகவே சுத்தமான நன்னீரில் இதற்கென விற்கப்படும் கடலுப்பைக் கலந்து, கடல்நீரை நாமே தயாரிப்பதுதான் நம்பகமான வழி. சமையல் உப்பு உதவாது. அதில் கறிக்கு வேண்டியது மட்டுமே உண்டு. கடலுப்புப் பொதியில் மக்னீசியம், கல்சியம், பொட்டாசியம் எல்லாம் அளவாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் பொதியே கொடுப்பதால், நீரில் ஏற்கெனவே எதுவும் இல்லாதிருப்பதே நல்லது. நீரைத் தெரிவுசெய்யும்போது மனதில் வைக்க வேண்டியது இந்த ஒன்றுதான்.

நமக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கின்றோம். கிணற்றில் பளிங்குபோல் தெரிந்த நீருக்குள் சுண்ணாம்பு கரைந்திருந்தது. கண்ணுக்குத் தெளிவு என்பது வேறு, உள்ளே ஒன்றுமில்லை என்பது வேறு.

கொழும்புக் குழாய்நீர் ஆற்றிலிருந்தும் நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது. யாழ்ப்பாணக் கிணற்று நீரைப் போல் வன்மையானதல்ல. ஆனால் கிருமிகளைக் கொல்ல அதில் குளோரின் சேர்க்கப்படுகின்றது. பௌசர் நீரில் நாம் முகர்ந்த அதே மணம். மனிதருக்குப் பாதுகாப்பளிக்கும் அந்தக் குளோரின், மீனின் பூவைச் சுட்டுவிடும். வாளியில் பிடித்துக் காற்றுக் குமிழி விட்டு ஒருநாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும், உண்மைதான். ஆனால் பழைய குழாய்களிலும் பித்தளைத் திருகுபிடிகளிலும் இரவு முழுவதும் நின்ற நீரில் கரைந்திருக்கும் உலோகம் பறக்காது. செம்பு மிகச் சிறிதளவு இருந்தாலும் இறாலும் கடற்சாமந்தியும் தாங்கமாட்டா. பாசியை வளர்க்கும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் அப்படியே இருக்கும்.

கொதிக்க வைத்தால் சரியாகாதா என்று பலர் கேட்கின்றனர். கொதிப்பது கிருமியைக் கொல்லும், கரைந்திருப்பதை அகற்றாது. நீர் ஆவியாகிப் போக, கரைந்திருப்பது செறிவாகும். இதைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது மீனோடு முடிகின்ற விடயமல்ல. குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று கூடியிருப்பது ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. அத்தகைய நீரை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பால்மா கரைக்க ஏற்றதாகாது. கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதிக்கும்படி தமது பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்க வேண்டும்.

போத்தல் நீருக்கு வருவோம். விலை கூடியது சுத்தமானது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கின்றது. குடிப்பதற்கு நல்ல ஊற்று நீரில் கனியுப்புகள் இருக்கத்தான் செய்யும். சில போத்தல்களில் அவை கொழும்புக் குழாய்நீரை விடக் கூடுதலாகவும் இருக்கலாம். மீனுக்காகக் காசு கொடுத்து அதை வாங்குவது வீண். மழைநீரோ கூரையில் உள்ள காகத்தின் எச்சத்தையும் தகட்டின் துருவையும் கழுவிக்கொண்டு வரும்.

ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீரே இத்தொட்டிக்கு ஏற்றது. முதலில் தூசியைத் தடுக்கும் வடி. அடுத்தது குளோரினைப் பிடிக்கும் கரி. அதன் பின் மிக நுண்ணிய சவ்வு. அழுத்தத்தால் நீர் சவ்வினூடாகப் போக, கரைந்திருப்பவற்றில் பெரும்பகுதி இப்பாலேயே நின்றுவிடும். 2024 ஓகஸ்டில் வடமராட்சி கிழக்கு தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் இதே முறையில்தான் கடல்நீரைக் குடிநீராக்குகின்றது. அங்கே உப்பை எடுக்கின்றார்கள், வெள்ளவத்தையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உப்பைப் போடுகின்றார்கள்! மீன் தொட்டிக்கு இந்த மூன்றும் கடந்து நான்காவதாகப் பிசின் மணிகள் நிரப்பிய குழாய் ஒன்றும் வேண்டும். எஞ்சியதை அது பிடித்துக்கொள்ளும். ஓர் எச்சரிக்கை: சமையலறையில் பூட்டும் ஆர்.ஓ. இயந்திரங்கள் சிலவற்றில் ருசிக்காகக் கடைசியில் கனியுப்புச் சேர்க்கும் குழாய் இருக்கும். அதற்கு முன்னரே மீனுக்கான நீரை எடுத்துவிட வேண்டும்.

ஒரு லீற்றர் நல்ல நீருக்கு மூன்று நான்கு லீற்றர் கழிவாக வெளியேறும். மீனுக்காக இவ்வளவு நீரா என்று எனக்கும் மனம் ஒப்பவில்லை. அதை வாளியில் பிடித்து உடுப்புத் தோய்க்கவும் நிலம் கழுவவும் பயன்படுத்தலாம். வீட்டுக்காரர் சொல்லாவிட்டாலும் வேலைக்குப் போகும் நாம் சொல்லலாம்.

இனி, வந்த நீர் சுத்தமானதா என்பதை எப்படி அறிவது? பேனை அளவில் ரி.டி.எஸ். மீற்றர் என்றொரு கருவி விற்கின்றது. நீரில் தோய்த்தால் கரைந்திருப்பவற்றின் அளவை இலக்கமாகக் காட்டும். பிசின் குழாயைக் கடந்த நீரில் அது பூச்சியம் காட்ட வேண்டும். இலக்கம் ஏறத் தொடங்கினால் பிசினை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. குளோரினை இந்த மீற்றர் காட்டாது. கரிக் குழாயை உரிய காலத்தில் மாற்றுவதுதான் அதற்குக் காவல்.

எமது நிலையத்தில் ஒரு சனிக்கிழமை கடைத் தம்பியைக் கொண்டு ஆறு பெண்களுக்கு இவற்றைச் செய்து காட்டுவித்தோம். தொட்டியில் நீர் வற்றும்போது உப்பு நீரை ஊற்றுவதா, வெறும் நீரை ஊற்றுவதா என்று அவர் கேட்டார். எல்லோரும் உப்பு நீர் என்றனர். அக்கா மட்டும் மறுத்தார். "ஆனையிறவிலை வெயிலுக்குத் தண்ணிதானே போறது, உப்பு பாத்தியிலை கிடக்கும். அப்ப நல்ல தண்ணிதான் விடவேணும்." தம்பி கைதட்டிவிட்டார். வற்றிய அளவுக்குச் சுத்தமான நன்னீர். அழுக்கு நீரை வெளியே எடுத்து மாற்றும்போது மட்டும் புதிதாகக் கலந்த உப்பு நீர். உப்பைத் தொட்டிக்குள் நேரடியாகக் கொட்டக்கூடாது. வேறொரு வாளியில் கரைத்து, சிறு மோட்டர் போட்டு ஒருநாள் சுழலவிட்டு, உப்புமானியால் அளந்த பின்னரே ஊற்ற வேண்டும். தொட்டிக்குள் கை வைக்கும் முன் ஆளியை நிறுத்துங்கள். உப்பு நீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். கணவனை இழந்த வீட்டில் பிள்ளைகளுக்குத் தாயும் வேண்டும்.

பிடித்த சம்பளத்தை அந்த வீட்டார் திருப்பிக் கொடுக்கவில்லை. கலன் நீரின் பரிசோதனை முடிவை எழுதி எடுத்துக்கொண்டு நானும் அக்காவுடன் போனேன். வாசலில் வைத்தே பேசி அனுப்பினார்கள். அக்கா அங்கிருந்து விலகிவிட்டார். கடைத் தம்பியின் அறிமுகத்தால் இப்போது வேறு இரண்டு தொடர்மாடி வீடுகளில் தொட்டி வேலை மட்டும் செய்கின்றார்; ஒவ்வொரு தடவைக்கும் கூலி தனி. நிலம் துடைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அதில் சேராது என்று முதலிலேயே பேசிக்கொண்டார். மீற்றரும் உப்புமானியும் அவருடைய சொந்தப் பொருட்கள். மகளின் பழைய பயிற்சிக் கொப்பியில் திகதி, மீற்றர் இலக்கம், உப்பின் அளவு, மாற்றிய லீற்றர் என நான்கு நிரல்கள் போட்டிருக்கின்றார். ஐந்தாவது நிரலில் வீட்டுக்காரர் கையெழுத்திட வேண்டும். இட்ட பின்னரே தண்ணீரை ஊற்றுவார்.